மீன்தொட்டி காட்டிக்கொடுத்த கிணறு

மதுரையில் ஒரு ஜவுளிக் கடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்காக நள்ளிரவு வரை பேரேட்டைப் புரட்டிய நாட்கள் உண்டு. ஓய்வு பெற்ற பின் பேரேடு என்னை விட்டது. கணக்குப் புத்தி மட்டும் விடவில்லை. அந்தப் புத்திதான், வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த ஒரு சிறு மீன்தொட்டியின் வழியாக, பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்கள் பெருமை பேசி வந்த எங்கள் கிணற்றின் குறையை எனக்குக் காட்டியது. மீன் வளர்க்காத வீடுகளுக்கும் இந்த அனுபவம் பயன்படும் என்பதால்தான் எழுத முனைந்தேன்.

எங்கள் வீடு நகரின் கிழக்கே, யானைமலை தெரியும் ஒரு குடியிருப்பில் இருக்கின்றது. முன்பு பெரியாற்றுக் கால்வாய் பாய்ந்து நெல் விளைந்த நிலம் அது. மூத்த மகளின் பையன் எங்களோடு தங்கிப் பள்ளிக்குப் போகின்றான். அவனுடைய தகப்பனாரின் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளம். ஒரு விடுமுறையில் சம்பந்தி வீட்டுக்குச் சென்றபோது, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்துக்கு அவனை அழைத்துப் போனேன். 1947-இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்துக்கு 1971 வரை மண்டபம்தான் தலைமையிடமாக இருந்தது. பிறகே தலைமையகம் கொச்சிக்குப் போயிற்று. அங்கே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டையுடன் நீந்திய கோமாளி மீனைக் கண்ட பேரன், கண்ணாடியை விட்டு நகர மறுத்துவிட்டான். 2003-இல் வந்த கேலிச்சித்திரப் படத்தினால் உலகெங்கும் பிள்ளைகளுக்கு அறிமுகமான மீன் அது.

"நன்னா, நம்ம வீட்டுல இதை வளர்க்க முடியாதா?" என்றான். முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. கடலிலிருந்து பிடிக்காமலேயே அம்மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மண்டபம், விழிஞ்ஞம், பரங்கிப்பேட்டை ஆகிய இடங்களின் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கின்றார்கள் என்பதும் தெரிய வந்தது. கடலுக்குக் கேடு இல்லை என்றான பின், பொரிப்பகத்தில் வளர்ந்த இரு குஞ்சுகளைச் சென்னையில் கொளத்தூருக்குச் சென்ற உறவினர் ஒருவர் மூலம் வரவழைத்தேன்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம். கொள்ளும் நீர் அறுபது லிட்டர். கடல்நீருக்காக விற்கப்படும் உப்புக் கலவையை வாங்கி, எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைத்தேன். அதன் விலையைக் கேட்ட என் துணைவியார், "ஏங்க, தூத்துக்குடி கல்லுப்பைக் கரைச்சாப் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்து பிரிந்துவிடுகின்றன. அடுத்து விளைவதுதான் நாம் சோற்றில் போடும் உப்பு. மக்னீசியம் முதலியவை எஞ்சிய கசப்பு நீரோடு போய்விடுகின்றன. ஆகவே கல்லுப்பைக் கரைத்தால் உப்புநீர் கிடைக்குமே தவிரக் கடல்நீர் கிடைக்காது. சிக்கனம் செய்யக் கூடாத இடம் இது என்று முடிவு செய்தேன். உப்பில் கருத்தாக இருந்த நான், அந்த உப்பைக் கரைக்கும் நீரைப் பற்றி ஒரு கணமும் எண்ணவில்லை.

ஐந்து மாதங்கள் நன்றாகவே சென்றன. பிறகு கண்ணாடியில் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படரலாயிற்று. காலையில் துடைத்தால் மறுநாள் மாலைக்குள் மீண்டும் மூடிக்கொள்ளும். மீன்கள் இரை எடுத்தன. ஆனால் பழைய துள்ளல் இல்லை. ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு நைட்ரேட் சோதனைப் பெட்டியை வாங்கினேன். ஒரு சிறு குழாயில் தொட்டி நீரை எடுத்து, இரண்டு குப்பிகளிலிருந்து சொட்டு மருந்து விட்டுக் குலுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் நல்லது; சிவக்கச் சிவக்கத் தீது. எங்கள் நீர் மாதுளைச் சாறு போல் சிவந்தது. அட்டையில் 80-க்கும் 160-க்கும் இடைப்பட்ட நிறம். லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று குறித்துக்கொண்டேன். கடலின் மேற்பரப்பு நீரிலோ இது ஒரு மில்லிகிராம் அளவுக்குக்கூட வருவது அரிது.

நைட்ரேட் எங்கிருந்து வருகின்றது? மீனின் கழிவும், தின்னாமல் விட்ட இரையும் அழுகும்போது அமோனியா உண்டாகின்றது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. 1890-ஐ ஒட்டி செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி இந்த நுண்ணுயிர்களின் வேலையை உலகுக்கு விளக்கினார். முன்னைய இரண்டோடு ஒப்பிட்டால் நைட்ரேட் சாது. மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில் 20 முதல் 40 வரை இருந்தால் அவை தாங்கிக்கொள்ளும். ஆனால் அது தானாக வெளியேறாது. வங்கிக் கடனின் வட்டியைப் போல் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் பாசிக்கு விருந்து, மீனுக்கு நலிவு.

மீன்கடைக்காரர் ஒருவரிடம் சென்றேன். நைட்ரேட்டை நீக்கும் என்று ஒரு குப்பித் திரவத்தை எண்ணூறு ரூபாய்க்குக் கொடுத்தார். குப்பி தீர்ந்தது, நிறம் மாறவில்லை. பிறகு வாரந்தோறும் தொட்டியின் கால் பங்கு நீரை, அதாவது பதினைந்து லிட்டரை, எடுத்துவிட்டுப் புதிதாக உப்பு கரைத்த நீரை ஊற்றலானேன். கால் பங்கு மாற்றினால் 120 என்பது 90 ஆக வேண்டும் அல்லவா? சோதித்தால் 100-க்குக் கீழே இறங்கவே இல்லை; அடுத்த வாரத்துக்குள் மீண்டும் 120-ஐத் தொட்டது. ஒரு மாதம் இப்படியே போயிற்று. உப்புச் செலவு ஏறியது, நைட்ரேட் இறங்கவில்லை.

அடுத்து இரையைக் கணக்கிட்டேன். மீன் உணவு டப்பாவில் புரதம் 45 விழுக்காடு என்று எழுதியிருந்தது. புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக ஒரு கிராம் இரையில் 72 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். அது முழுவதும் நைட்ரேட்டானால் 320 மில்லிகிராம் அளவுக்கு வரும். அதை அறுபது லிட்டருக்குப் பங்கிட்டால் லிட்டருக்கு 5-க்குச் சற்று மேல். ஒரே ஒரு கிராம் இரை! பேரனோ, மீன்கள் தன்னைப் பார்த்து வாயைத் திறக்கும் போதெல்லாம் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டிருந்தான். "அதுங்களுக்குப் பசிக்குது நன்னா" என்பான். இரண்டு சிறு மீன்களுக்குத் தினமும் இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு போதும், வாரத்தில் ஒரு நாள் இரை இல்லாவிட்டாலும் கேடில்லை என்று அவனுக்குப் புரிய வைத்தேன். இரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஒரு பைசாச் செலவில்லாத சிகிச்சை இது. அதற்கும் பாசி சற்றே தளர்ந்தது. சோதனைக் குழாய் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

இதற்கிடையில் ஒரு தவறும் செய்தேன். நைட்ரேட்டைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் கரிமச் சத்து கொடுத்தால் அவை பெருகி நைட்ரேட்டைக் குறைக்கும் என்பது உண்மை. மேல்நாட்டார் இதற்காகத் தொட்டியில் மதுவைச் சொட்டுச் சொட்டாக விடுகின்றார்கள். நம் வீட்டு வாசலில் அதற்கு இடமில்லை. ஆனால் ஊறுகாய்க்குப் போடும் வினிகரும் அதே வேலையைச் செய்யும் என்று படித்தேன். அரை மில்லியில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்த வேண்டிய மருந்து அது. அவசரப்பட்ட நான் முதல் நாளே ஒரு மேசைக்கரண்டியை ஊற்றிவிட்டேன். மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்கு எழுந்தபோது தொட்டி பால் கலந்தது போல் வெளுத்திருந்தது. பெருகிய நுண்ணுயிர்கள் நீரின் பிராணவாயுவைத் தின்றுவிட, மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. காற்றுக் குழாய் இரண்டைப் போட்டுப் பாதி நீரை மாற்றினேன். ஒரு மீன் பிழைத்தது. மற்றொன்று மதியத்துக்குள் இறந்தது. பேரன் அன்று மதிய உணவைத் தொடவில்லை. "நான் நிறையப் போட்டதாலயா நன்னா?" என்று கேட்டான். "இல்லை ராஜா, இது நன்னா செய்த தப்பு" என்று சொன்னேன். அதைச் சொல்வது எனக்குக் கடினமாகவே இருந்தது.

நைட்ரேட்டைக் குறைக்கும் 'உயிர்ப்பாறை' தருவதாகவும் ஒருவர் முன்வந்தார். கடலடியில் நுண்ணுயிர்கள் குடியேறிய பவளக் கற்களைத்தான் அப்படி அழைக்கின்றார்கள். அந்தக் கல்லின் உட்புறத்தில் பிராணவாயு எட்டாத பொந்துகளில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விடுகின்றன என்பது மெய்யே. ஆனால் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி உள்ள பவளப் பாறைகள் நம் தொட்டிக்கானவை அல்ல. பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் புலிக்கும் யானைக்கும் நிகராக முதல் அட்டவணையில் வைத்துக் காக்கின்றது. முன்பு சுண்ணாம்புக் காளவாய்களுக்காகப் பவளம் வெட்டப்பட்டதன் விளைவையும் நாம் பார்த்துவிட்டோம். அந்தத் தீவுக் கூட்டத்தில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. பவளம் வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். என் கூடத்து அழகுக்காக அந்தப் பாவத்தில் பங்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டேன்.

அன்றிரவு பழைய வழக்கப்படி ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு. நைட்ரேட் வெளியேறும் வழிகளை எழுதினேன்: நீர் மாற்றம், துடைத்தெடுக்கும் பாசி. உள்ளே வரும் வழிகளை எழுதினேன்: இரை, கழிவு. கடையில் கணக்கு ஒத்துவராவிட்டால் என் முதலாளி ஒன்றைச் சொல்லுவார்: "செலவுல தப்பு தேடாதே, நீ எழுதாம விட்ட வரவு எதுன்னு பாரு." எழுதாமல் விட்ட வரவு எது? தொட்டிக்குள் வேறு என்ன போகின்றது? தண்ணீர்தான்! வாரம் பதினைந்து லிட்டர் நீர் மாற்றத்துக்கு. அதுவன்றி மதுரை வெயிலுக்குத் தினமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆவியாகிப் போகும்; அதை ஈடுசெய்யவும் கிணற்று நீரையே ஊற்றி வந்தேன். ஆவியாகும்போது நீர் மட்டுமே போகின்றது. அதில் கரைந்திருந்தவை எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

இரவு பதினோரு மணி இருக்கும். சமையலறைக் குழாயிலிருந்து நேரே சோதனைக் குழாயில் நீர் பிடித்தேன். அந்தப் பெட்டி நன்னீருக்கும் உகந்தது என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. மருந்து விட்டுக் குலுக்கிவிட்டு, ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து நின்றேன். நீர் சிவந்தது. தொட்டி நீரின் அளவுக்கு இல்லை. எனினும் 40-ஐத் தாண்டி 80-ஐ நெருங்கிய சிவப்பு.

உப்புக் கணக்கு புரிந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தது அரை நிமிடந்தான். அடுப்பருகே என் இளைய மகள் நின்றுகொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள். குழந்தை பிறந்து பத்தொன்பது நாட்கள். மகளுக்குக் காய்ச்சல் கண்டு பால் குறைந்ததால், ஆறு நாட்களாகக் குழந்தைக்குப் பால் மாவு கரைத்துக் கொடுத்து வந்தோம். அவள் அதே குழாயில் பிடித்த நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தா, அப்படிப் பாக்குறீங்க?" என்றாள்.

அந்தப் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தேன். முன்னொரு நாள் மீன் நூல்களுக்கிடையே படித்த ஒரு செய்தி அப்போது என் நினைவில் எழுந்தது. 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் கரைத்த புட்டிப்பால் குடித்த பச்சிளங் குழந்தைகள் உடல் நீலம் பாரித்து வந்ததைக் கண்டார். அந்தக் கிணறுகளின் நைட்ரேட்டே காரணம் என்று எழுதினார். பச்சிளங் குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் கலக்கின்றது. அப்போது இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றது. உதடும் நகமும் நீலமாகின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இந்த ஆபத்து மிகுதி. நீரைக் காய்ச்சுவதால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. சாகாதது மட்டுமன்று, கொதித்து நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடவே செய்யும்! வெள்ளைத் துணியில் வடிகட்டினாலும், படிகாரம் போட்டாலும், பிளீச்சிங் பவுடர் தூவினாலும் அது போகாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை.

எங்கள் கிணற்று நீருக்குச் சுவை இருந்தது. அதுதான் எங்கள் பெருமை. மதுரையில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும்போது, எங்கள் வீட்டு நீர் இளநீரைப் போல் இருக்கும். விருந்தினர் வந்தால் முதலில் ஒரு செம்பு நீரைக் கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. மகளுக்கும் முழுவதையும் சொல்லவில்லை. பக்கத்துக் கடையைத் திறக்கச் சொல்லி ஒரு கேன் குடிநீர் வாங்கி, அதையும் சோதித்துப் பார்த்தேன். மஞ்சள்! அந்த நீரைக் காய்ச்சித்தான் அடுத்த புட்டியைக் கலந்தாள். மின்விளக்கைப் போட்டுக்கொண்டு என் பேத்தியின் உதடுகளையும் நகங்களையும் பல முறை பார்த்தேன். இளஞ்சிவப்பாகத்தான் இருந்தன. என்றாலும் நாலு மணிக்கு மீண்டும் எழுந்து பார்த்தேன்.

காலையில் குழந்தை மருத்துவரிடம் எடுத்துச் சென்றோம். அவர் நிதானமாகச் சோதித்துப் பார்த்து, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அல்ஹம்துலில்லாஹ்! நைட்ரேட் மிகுந்த நீரைக் குடித்த எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வருவதில்லை. வயிற்றுப்போக்கும் உடன் சேர்ந்தால் ஆபத்து கூடும் என்றார். தாய்ப்பாலில் அந்த அளவுக்கு நைட்ரேட் சேர்வதில்லை, ஆகவே தாய்ப்பாலுக்குத் திரும்ப முயலுங்கள் என்று மகளிடம் எடுத்துரைத்தார். காய்ச்சல் தணிந்த பத்து நாட்களில் அவளும் திரும்பிவிட்டாள்.

மீன்தொட்டிப் பெட்டியை நம்பி வீட்டை மாற்றக் கூடாது அல்லவா? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கிணற்று நீரைக் கொடுத்தேன். நைட்ரேட் 68 மில்லிகிராம் என்று முடிவு வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 45. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 50. இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். சில ஆய்வுத் தாள்களில் 'நைட்ரேட்' என்றும், வேறு சிலவற்றில் 'நைட்ரேட் நைட்ரஜன்' என்றும் எழுதியிருப்பார்கள். பின்னதை 4.4 ஆல் பெருக்கினால்தான் முன்னது வரும். நைட்ரஜன் 10 என்று இருந்தால் அது நைட்ரேட் 44-க்குச் சமம். எண் சிறிதாக இருக்கின்றதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

கிணறு ஏன் இப்படி ஆயிற்று? காரணத்தைத் தேடி வெகுதூரம் போகத் தேவை இருக்கவில்லை. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி; அதன் அடிப்புறம் மண்ணுக்குள் இறங்குகின்றது. எங்கள் தொட்டிக்கும் கிணற்றுக்கும் நடுவே அளந்து பார்த்தேன், பதினெட்டு அடி. பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு இன்னும் குறைவு. மீன்தொட்டிக்குள் நடப்பதுதான் மண்ணுக்குள்ளும் நடக்கின்றது. கழிவிலிருந்து அமோனியா, அதிலிருந்து நைட்ரைட், அதிலிருந்து நைட்ரேட். நைட்ரேட்டை மண் பிடித்து வைப்பதில்லை, நீரோடு இறங்கிவிடும். வயலாக இருந்த காலத்து யூரியாவும் சுற்றிலும் இன்னும் பயிரிடுவோர் இடும் யூரியாவும் அதே வழியில்தான் இறங்குகின்றன. அறுபது லிட்டர் தொட்டியில் என் பேரன் செய்ததை, பெரிய அளவில் நாங்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்தோம்.

வீட்டுக்கு எதிர்சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டும் ஆர்.ஓ. கருவி ஒன்றைப் பொருத்தினோம். குடிக்கவும் சமைக்கவும் அதன் நீர். பொருத்திய அன்றே சோதித்தேன். 68 என்பது 10-க்கும் கீழே போயிற்று. அது கழித்துத் தள்ளும் நீரை வீணாக்குவதில்லை. தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் போக மிச்சம் முருங்கைக்கும் வாழைக்கும் போகின்றது. குழந்தைக்கு ஆகாத நைட்ரேட் செடிக்கு உரந்தானே.

இனி மீன்தொட்டிக்கு வருகின்றேன். ஆவியான நீருக்கு ஈடாக அன்று முதல் ஆர்.ஓ. நீரையே ஊற்றினேன். முன்பு கிணற்று நீரால் தினமும் 68 மில்லிகிராம், அதாவது தொட்டி நீரில் லிட்டருக்கு ஒன்றுக்கு மேல், சத்தமில்லாமல் சேர்ந்திருக்கின்றது. வாரத்துக்கு 8! கால் பங்கு நீர் மாற்றத்தையும் இப்போது கணக்கிட்டுப் பார்த்தேன். 120 உள்ள தொட்டியில் பதினைந்து லிட்டரை எடுத்து 68 உள்ள நீரை ஊற்றினால் 107-தான் வரும். 90 எப்படி வரும்? எழுதாமல் விட்ட வரவு அகப்பட்டது.

அதன் பின் மூன்று நாட்களுக்கு ஒருமுறை, ஐந்து தடவை, கால் பங்கு நீரை நல்ல நீராக மாற்றினேன். 120, 90, 67, 50, 38, 28. தாளில் போட்ட கணக்கும் சோதனைக் குழாயின் நிறமும் முதன்முறையாக ஒத்துப்போயின. ஒரே நாளில் முழு நீரையும் மாற்றினால் மீன் அதிர்ச்சி தாங்காது. படிப்படியாக இறக்குவதே முறை.

உப்புச் செலவையும் குறைக்க ஒரு வழி பிறந்தது. மாதம் ஒருமுறை பனைக்குளத்திலிருந்து யாராவது வருவதுண்டு. மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கலங்கல் குறைந்த தென்கரையில், மழைக்காலம் தவிர்த்து, மூடியுள்ள கேன்களில் கடல்நீர் பிடித்து வருகின்றார்கள். இருட்டான இடத்தில் இரு வாரம் தெளிய வைத்து ஊற்றுகின்றேன். அதில் நைட்ரேட் இல்லை என்றே சொல்லலாம்; உப்புக்கும் செலவில்லை.

இன்னொரு பொருளும் அதே ஊரிலிருந்து வந்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் நம் இல்லங்களில் கடல்பாசி காய்ச்சி வைப்பது வழக்கம் அல்லவா? அதற்கு மூலம் மண்டபம் கரையோரப் பெண்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான். அவற்றிலிருந்து அகர் எடுக்கும் ஆலைகள் மதுரைப் பக்கம் உண்டு. கஞ்சிப்பாசி வளர நைட்ரேட்டையே உணவாக உறிஞ்சிக்கொள்கின்றது. பாசி வளர்க்கும் ஒரு குடும்பத்தாரிடம் ஒரு கைப்பிடி உயிர்ப்பாசியைக் கேட்டு வாங்கினோம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மேலே ஒரு பன்னிரண்டு வாட் எல்.இ.டி. விளக்கு, நீரைச் சுற்றிவிட ஒரு சிறு பம்பு. எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள். இரவெல்லாம் விளக்கு எரியும். வளர்ந்த பாசியை இரு வாரத்துக்கு ஒருமுறை கிள்ளி எடுத்துவிட்டால், நைட்ரேட்டும் அதோடு வெளியே போய்விடுகின்றது. கிள்ளியதை ஓடையிலோ கடலிலோ எறியாமல் காயவைத்துக் குப்பையில் சேர்க்கின்றேன். வெளிநாட்டிலிருந்து வந்த கப்பாபைகஸ் என்ற பாசி மன்னார் வளைகுடாப் பவளங்களின் மேல் படர்ந்துவிட்டதை 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேண்டாத இடத்தில் போட்ட ஒரு துணுக்கு என்ன செய்யும் என்பதற்கு அது சாட்சி. உயிர்ப்பாறைக்குப் பதிலாக, மெருகிடாத மண்பானைச் சில்லுகளைக் கழுவி அடுக்கினேன். அவற்றின் துளைகளில் நுண்ணுயிர் குடியேற மாதங்கள் ஆகும், ஆகட்டும்.

இப்போது நைட்ரேட் 10-க்கும் 20-க்கும் இடையில் நிற்கின்றது. கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். பிழைத்த மீனுக்கு ஒரு துணையும் வந்துவிட்டது. இரை போடும் பொறுப்பை மீண்டும் பேரனிடமே கொடுத்திருக்கின்றேன். ஒரு சிறு கரண்டியால் அளந்து போட்டுவிட்டு, சுவரில் தொங்கும் தாளில் தேதியோடு குறித்து வைக்கின்றான். எழுதாமல் விட்ட வரவு இருக்கக் கூடாது என்பதை அவனும் கற்றுக்கொண்டான்.

எஞ்சிய சோதனை மருந்துடன் தெருவில் ஏழு வீட்டுக் கிணறுகளைச் சோதித்தேன். ஐந்தில் நீர் சிவந்தது. சிலர் என்னை நம்பவில்லை, "இவ்வளவு காலம் குடிச்சோம், என்ன ஆயிருச்சு?" என்றார்கள். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். எதிர்வீட்டு மருமகள் மட்டும் மறுநாள் வந்து, "மாமு, எனக்கு இது ஏழாம் மாசம். அந்த ஆய்வுக்கூடம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள். முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

வீட்டில் பிரசவம் எதிர்பார்ப்போர், குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுப்போர், சொந்தக் கிணற்று நீரை நம்பி இருப்போர் எவராயினும், அந்த நீரை ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் கொடுத்து நைட்ரேட் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். மீன்தொட்டி வைத்திருப்போருக்கும் இதுவே என் முதல் ஆலோசனை: விலை கொடுத்து எதையும் வாங்கும் முன், ஊற்றுகின்ற நீரைச் சோதியுங்கள். விருந்தினருக்கு நான் இன்றும் முதலில் ஒரு செம்பு நீரைத்தான் கொடுக்கின்றேன். ஆனால் அது எங்கிருந்து வருகின்றது என்று இப்போது எனக்குத் தெரியும்.